பாம்பேய் நகரத்துச் சாதாரண ஆள்: அவனுடைய ஒரு நாளைப் பற்றி உண்மையில் என்ன தெரியும்?

வழிப்போக்கன்:
பாம்பேய், இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன அந்த ரோமானிய ஊர்: அதைப் பற்றி எந்தக் காணொளியைத் திறந்தாலும் மூன்று சங்கதிதான். வெசுவியஸ் வெடித்தது, சாம்பலுக்குள் சிக்கிய மனித உருவங்கள், பணக்கார வீட்டுச் சுவர் ஓவியங்கள். நடுவில் ஒரு விபசார விடுதியையும் நுழைத்துவிட்டு முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு வேண்டியது வேறு. கி.பி. 79-இல் அந்த ஊரில் பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்திருக்கலாம் என்கிறார்கள். பெரிய முற்றம் வைத்து வீடு கட்டியவர்கள் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மீதிப் பேர்? கடைக்கு மேலே மச்சில் குடியிருந்தவன், ரொட்டி சுட்டவன், துணி வெளுத்தவன், பழம் விற்றவள். காலையில் தண்ணீருக்கு எங்கே போனார்கள், என்ன சாப்பிட்டார்கள், கையில் காசு எவ்வளவு புரண்டது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். எரிமலைக் கதை வேண்டாம்.

செங்கல்சூளை:
தண்ணீரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஊரின் மேட்டுப் பகுதியில், வெசுவியஸ் வாசலை ஒட்டி, ஒரு செங்கல் கட்டடம் இன்னும் நிற்கிறது. மலைப்பக்கத்திலிருந்து கால்வாயில் வந்த தண்ணீர் அங்கே பிரிந்து ஈயக் குழாய்களில் ஊருக்குள் இறங்கும். மேட்டிலிருந்து ஒரே மூச்சில் இறக்கிவிட்டால் அழுத்தம் தாங்காமல் குழாய் வெடித்துவிடும். அதற்காகத் தெருமுனைகளில் உயரமான தூண்கள் கட்டி, உச்சியில் தொட்டி வைத்தார்கள். தண்ணீர் அதில் ஏறி, வேகம் தணிந்து, மறுபடி இறங்கும். சில தூண்களின் மேல் வழிந்து உறைந்த சுண்ணாம்புப் படிவை இன்றைக்கும் பார்க்கலாம்.

வசதி உள்ளவர்கள் வீட்டுக்குள் குழாய் இழுத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்குத் தெருக் குழாயடிதான். ஏறத்தாழ 40 குழாயடிகள் வெளிப்பட்டிருக்கின்றன, பெரும்பாலும் கூப்பிடு தூரத்துக்கு ஒன்று. கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய தொட்டி, ஒரு பக்கத்தில் முகம் செதுக்கிய கல், அதன் வாயிலிருந்து தண்ணீர். குனிந்து குடிப்பவர்கள் ஒரே இடத்தில் கையை ஊன்றி ஊன்றி, விளிம்புக்கல் குழிந்தே போயிருக்கிறது. அந்த ஊரில் எனக்குப் பிடித்தது அந்தக் குழிதான். ஓவியமெல்லாம் அப்புறம்.

தொட்டி நிரம்பி வழிவது தெருவில் ஓடும். நிலத்தடிச் சாக்கடை ஊரின் சில பகுதிகளில் மட்டுமே இருந்தது. மழைத்தண்ணீர், கழிவு, கழுதைச் சாணம் எல்லாம் தெருச் சரிவில்தான் போகும். தெருவின் குறுக்கே உயரமான கற்கள் போட்டிருப்பது அதற்குத்தான்: கால் நனையாமல் கடக்கலாம், இடைவெளியில் வண்டிச் சக்கரம் நுழையும். அந்தச் சக்கரங்கள் கல்லில் அறுத்த தடங்களையும் ஓரக்கற்களில் உரசிய அடையாளங்களையும் வைத்து, சில தெருக்களில் வண்டி ஒரே திசையில்தான் போயிருக்கிறது என்று எரிக் போலர் என்ற ஆய்வாளர் காட்டினார். ஒருவழிப் பாதை அன்றைக்கே உண்டு.

பழையசோறு:
சாப்பாட்டுத் துறை என்னுடையது, பெயரைப் பார்த்தாலே தெரியும்.

மச்சில் குடியிருந்த பலருக்கு அடுப்படி என்று ஒன்று கிடையாது. மரத்தளத்தில் தீ மூட்டுவது ஆபத்து வேறு. அதனால் தெருவோரத் தீனிக்கடைகள் நிறைய. காரை பூசிய மேடை, மேடைக்குள் பதித்த பெரிய மண் சால்கள், பின்னால் ஒரு சின்ன அறை. ஊரில் இப்படி 80 வரை எண்ணியிருக்கிறார்கள்.

2020 டிசம்பரில் ஐந்தாம் வட்டாரத்தில் முழுதாக வெளிவந்த ஒரு கடையின் படம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மேடை முகப்பில் தலைகீழாகத் தொங்கும் வாத்துகள், ஒரு சேவல், கழுத்துப்பட்டை போட்ட நாய். நாய்ப் படத்தின் சட்டத்தில் யாரோ ஒருவன் நிசியா என்ற ஆளைக் கேவலமாகத் திட்டிக் கீறியிருக்கிறான். சால்களுக்குள் வாத்து எலும்பு, ஆடு, பன்றி, மீன், நத்தை என்று பலதும் கலந்த மிச்சம். மது இருந்த சாலின் அடியில் இடித்த மொச்சை. மதுவின் நிறத்தையும் ருசியையும் சரிசெய்ய அதைப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் எல்லாக் கடையிலும் சால் நிறையச் சூடான குழம்பு கொதித்தது என்று படம் போடுகிறார்களே, அது சந்தேகம். மேடையில் பதித்த மண் சாலைக் கவிழ்த்துக் கழுவ முடியாது. குழம்பு ஊற்றினால் இரண்டாம் நாளே நாறிவிடும். பக்கத்து ஊரான எர்குலேனியத்தில் இத்தகைய சால்களில் பருப்பு, கொட்டை வகைகள்தான் கிடைத்தன. பல கடைகளில் அவை உலர்தானியம் கொட்டி வைக்கும் சால்களாகவே இருந்திருக்கும் என்பது என் கட்சி. சூடாக்கியது பின்னால் இருந்த அடுப்பில்.

மற்றபடி ரொட்டி, ரொட்டி, ரொட்டி. ஊருக்குள் 30-க்கும் மேற்பட்ட ரொட்டிச் சூளைகள் தெரியவந்திருக்கின்றன. அங்கேயே எரிமலைக்கல் திரிகையில் மாவு அரைத்து, அங்கேயே சுடுவது. 1862-இல் ஒரு சூளையைத் திறந்தபோது கரியாகிப்போன 81 ரொட்டிகள் உள்ளே இருந்தன. வட்டமானது, மேலே எட்டுத் துண்டாகப் பிட்கிற மாதிரி கோடு கீறியது. எர்குலேனியத்து ரொட்டி ஒன்றில் முத்திரையே குத்தியிருக்கிறது: குயின்டஸ் கிரேனியஸ் வெரஸின் அடிமை செலர் என்பவனுடையது என்று.

தொட்டுக்கொள்ள 'காரும்' (garum). உப்பு போட்டு வெயிலில் ஊறவைத்த மீனிலிருந்து வடித்த சாறு. பாம்பேயில் அம்ப்ரிசியஸ் ஸ்காரஸ் என்பவர் அதில்தான் கோடி பார்த்தார். தன் வீட்டு முற்றத்துத் தரையில் காரும் ஜாடிகளின் படத்தை, விளம்பர வாசகத்தோடு சேர்த்து, சின்னச் சின்னக் கற்களால் பதித்து வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவன் மிதித்துக்கொண்டே படிக்க வேண்டியதுதான்.

அரைக்காசு:
காசு விஷயம் நான் சொல்கிறேன். ரோமானிய நாணயக் கணக்கு: 4 ஆஸ் ஒரு செஸ்டர்ஸ், 16 ஆஸ் ஒரு தெனாரியஸ்.

ஒரு மதுக்கடைச் சுவரில் விலைப்பட்டியல்: ஓர் ஆஸ் கொடுத்தால் குடிக்கலாம், இரண்டு கொடுத்தால் நல்லதாகக் குடிக்கலாம், நான்கு கொடுத்தால் உயர்ந்த ரகமான ஃபலேர்னிய மது. இன்னொரு வீட்டு முற்றத்தில் யாரோ அடுத்தடுத்த நாட்களின் வீட்டுச்செலவைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். ரொட்டி, எண்ணெய், மது, பாலாடைக்கட்டி, வெங்காயம், பேரீச்சை என்று போகிறது. ரொட்டி ஏறக்குறைய தினமும் வருகிறது. அதில் 'அடிமைக்கு ரொட்டி' என்று தனி வரி உண்டு.

பெரிய தொகை வேண்டுமா? காசிலியஸ் யுகுண்டஸ் என்ற ஏலத்தரகர் வீட்டில் 1875-இல் மெழுகுப் பலகைகள் 150-க்கும் மேல் கிடைத்தன, எல்லாம் பற்றுச்சீட்டு. அதில் மிகப் பழைய சீட்டில் ஒரு கோவேறு கழுதை 520 செஸ்டர்ஸுக்கு விற்றிருக்கிறது. மலிவு மதுவாக வாங்கினால் இரண்டாயிரத்துக்கும் மேல் கோப்பைகள். கழுதை வைத்திருந்தவன் ஏழை இல்லை.

தெற்குவீதி:
சந்தை உண்டா?

அரைக்காசு:
உண்டு. ஒரு கடைச் சுவரில் எந்தக் கிழமை எந்த ஊரில் சந்தை என்று எழுதியிருக்கிறது. சனிக்கிழமை பாம்பேய், ஞாயிறு நுசேரியா, அப்புறம் அதெல்லா, நோலா, குமே, புத்தேயோலி என்று வியாபாரி சுற்றிக்கொண்டே இருப்பான். எங்கள் மாவட்டத்து வாரச்சந்தைகள் இன்றைக்கும் இப்படித்தான் ஊர்மாற்றி நடக்கின்றன.

ஊர்ப் பொதுச்சதுக்கத்தில் அளவைக் கல் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். நீளமான கற்பலகையில் பல அளவுகளில் குழி, குழிக்கு அடியில் ஓட்டை. கடைக்காரன் அளந்தது சரியா என்று தானியத்தைக் குழியில் கொட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டை வழியாகப் பைக்குள் இறக்கிக்கொள்ளலாம். அந்தக் குழிகள் முதலில் உள்ளூர் ஓஸ்கன் அளவுக்கு இருந்தன. ரோமானிய அளவு கட்டாயமானதும் அதே குழிகளைப் பெரிதாக்கிவிட்டார்கள்.

உப்புக்காற்று:
பழையசோறு சொன்ன அந்த 81 ரொட்டி! அடுப்பில் ரொட்டி, மேடையில் காசு, சுவரில் கணக்கு. ஒரு ஊர் முழுக்க அப்படியே அசையாமல் நின்றுபோய்விட்டது. வேறு எந்தப் பழைய நகரத்திலும் கிடைக்காத வாய்ப்பு இது. ஒரு சாதாரண நாளை அப்படியே கையில் எடுத்துப் பார்க்கலாம்.

செங்கல்சூளை:
உப்புக்காற்று, இந்த 'அப்படியே நின்றுபோன ஊர்' என்பதோடு எனக்குப் பழைய சண்டை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலாவது, அது சாதாரண நாள் இல்லை. நுரைக்கல்லும் சாம்பலும் மணிக்கணக்காகக் கொட்டின. கொட்ட ஆரம்பித்ததும் பெரும்பாலானவர்கள் ஓடிவிட்டார்கள். ஊரில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டியாகிவிட்டது, இதுவரை கிடைத்த உடல்கள் ஆயிரத்துச் சொச்சம்தான். ஓடியவன் பணப்பை, நகை, விளக்கு, சாவி என்று கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டுதான் ஓடியிருப்பான். நாம் பார்ப்பது அவன் விட்டுவிட்டுப் போனதை.

இரண்டாவது, 17 ஆண்டுகளுக்கு முன், கி.பி. 62-இல், பெரிய நிலநடுக்கம். 79-இலும் ஊர் பாதி பழுதுபார்ப்பில் இருந்தது. மத்திய குளியல் கூடம் கட்டி முடியவே இல்லை. ஒரு வீட்டில் ஓவியர்கள் சுவரில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவர்கள், சட்டியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 62-க்கு முன் சில பெரிய வீடுகளில் இருந்தவர்கள் வேறு ஊருக்குப் போயிருக்கலாம், வீட்டின் முன்பகுதி கடையாக மாறியிருக்கலாம். மாடிக்கூடத்தில் சுண்ணாம்பு மூட்டை கிடந்தால் ரோமானியர்கள் அங்கேதான் சுண்ணாம்பு வைப்பார்கள் என்று எழுதிவிடக்கூடாது.

மூன்றாவது, பிறகு வந்து தோண்டியவர்கள். ஊர் புதைந்த பின் சுரங்கம் போட்டு இறங்கி, சிலை, பளிங்கு, பணம் என்று எடுத்துப்போனார்கள். ஒரு வீட்டு வாசலில் 'இந்த வீடு துளைக்கப்பட்டது' என்று கீறியே வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆள் வீணாக மண்ணைச் சுமக்க வேண்டாம் பாருங்கள். அதற்கப்புறம் 1748-இலிருந்து அரசருக்காகத் தோண்டியவர்கள். அழகான ஓவியத்தைச் சுவரோடு வெட்டி அரண்மனைக்கு அனுப்பிவிட்டு, பானை ஓட்டையும் எலும்பையும் குப்பை என்று வீசினார்கள். வழிப்போக்கன் கேட்கிற சாதாரண ஆளின் பாதி வாழ்க்கை அந்தக் குப்பையில் போனது.

உப்புக்காற்று:
சரி, ஆனால் அந்த ரொட்டிகள் சூளைக்குள்தானே இருந்தன? அவற்றை யாரும் அங்கே கொண்டுபோய் வைக்கவில்லையே. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் கடைசியில் ஒன்றுமே மிஞ்சாது.

செங்கல்சூளை:
ரொட்டியைச் சந்தேகப்படவில்லை. அவன் ரொட்டி சுட்டான், உண்மை. அது எல்லா நாளையும் போன்ற நாளா என்பதுதான் கேள்வி. சாக்கடை இதைவிட நேர்மையான சாட்சி. எர்குலேனியத்தில் கடைகளும் மாடிக் குடியிருப்புகளும் இருந்த ஒரு கட்டடத்துக்கு அடியில் நீளமான கழிவுக் கால்வாய் இருக்கிறது. கழிப்பறையில் போனதும் அடுக்களையில் கொட்டியதும் எல்லாம் அங்கே. சல்லடையில் சலித்து எடுத்தார்கள்: அத்தி விதை, ஒலிவக் கொட்டை, முட்டையோடு, கடல் முள்ளெலி முள், பல வகை மீன் எலும்பு. ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது. யாரும் ஓடும்போது அள்ளிக்கொண்டு போகாதது. பணக்கார வீடும் இல்லை அது, ஆனாலும் இவ்வளவு வகை. ஏழை என்றால் கஞ்சி மட்டும் என்ற நினைப்பை அந்தக் கால்வாய் உடைத்துவிட்டது.

பாம்பேயிலும் ஸ்டேபியா வாசல் பக்கம் சின்னச் சாப்பாட்டுக் கடைகளின் வடிகாலைச் சலித்தவர்களுக்கு ஒட்டகச்சிவிங்கியின் கால் எலும்பு கிடைத்தது. எப்படி வந்தது, யார் தின்றார்கள் என்று கேட்காதீர்கள்!

மருதாணி:
அண்ணன்மார்களே, இத்தனை பதிவில் ஒரு பெண் 'பழம் விற்றவள்' என்று முதல் பதிவில் எட்டிப்பார்த்ததோடு சரி.

அடுக்களை பற்றி யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். வசதியான வீட்டிலும் அது இருட்டான மூலை. இடுப்புயரக் காரை மேடை, மேலே கரி, கரிமேல் முக்காலி, முக்காலிமேல் சட்டி. அதே அறையில், சில சமயம் அடுப்பை ஒட்டியே, கழிப்பறை. கழுவின தண்ணீரும் காய்த்தோலும் அதிலேயே போகட்டும் என்று. வெத்தி என்ற பணக்காரச் சகோதரர்கள் வீட்டின் ஓவியங்களைப் பார்த்து வாய்பிளப்பவர்கள் அந்த வீட்டு அடுக்களையில் ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். பல அடுக்களைச் சுவர்களில் வீட்டுத் தெய்வங்களின் படமும் கீழே பெரிய பாம்பும் உண்டு, அதற்கும் தினமும் படையல் வைக்க வேண்டும். இதெல்லாம் யார் செய்தது? வீட்டம்மா இல்லை, அடிமைகள்.

பெண்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் தேர்தல் விளம்பரத்தில் பெண்கள் பெயர் இருக்கிறது. அசெலினா என்ற மதுக்கடைக்காரியின் கடைச்சுவரில் வேட்பாளருக்கு ஆதரவு கேட்டு எழுதியிருக்கிறது. யூலியா பெலிக்ஸ் என்ற பெண், தன் பெரிய வளாகத்தில் குளியல்கூடம், கடைகள், மாடி அறைகள் எல்லாவற்றையும் ஐந்து ஆண்டு வாடகைக்கு விடுவதாகச் சுவரில் அறிவித்தாள். மரியாதைக்குரியவர்களுக்கு மட்டுமாம். யூமாக்கியா என்ற பூசாரிணி பொதுச்சதுக்கத்திலேயே ஒரு பெரிய கட்டடம் எழுப்பினாள், வெளுப்பவர்கள் சேர்ந்து அவளுக்குச் சிலை வைத்தார்கள்.

இன்னொன்று. எர்குலேனியத்துக் கடற்கரைப் படகறைகளில் 300-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதில் 17 பெரியவர்களின் எலும்பை ஆராய்ந்து 2021-இல் ஒரு முடிவு வந்தது: ஆண்கள் மீன் அதிகம் தின்றிருக்கிறார்கள், பெண்கள் இறைச்சி, பால்பொருள், உள்ளூர்க் காய்பழம் அதிகம். ஒரே கடற்கரை ஊர், ஒரே சந்தை, தட்டு மட்டும் வேறு. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

நள்ளிரவுத்தேநீர்:
அடிமைகள் என்றதும் நாம் கற்பனை செய்வது வேறு, ரோமில் வேறு. படித்த அடிமைகள் இருந்தார்கள், விடுதலை வாங்கிப் பணக்காரர்களானார்கள். வெத்தி சகோதரர்களே விடுதலை பெற்ற அடிமைகள்தானே? அவ்வளவு மோசமில்லை என்றுதான் தோன்றுகிறது.

மருதாணி:
'அவ்வளவு மோசமில்லை' என்று சொல்ல, தம்பி, நாம் இருவரும் அங்கே திரிகை சுற்றியிருக்க வேண்டும்.

2023 ஜூனில் ஒரு சுவர் ஓவியம் உலகம் முழுக்கச் சுற்றியது ஞாபகமிருக்கிறதா? வெள்ளித் தட்டில் மதுக்கோப்பை, பழங்கள், வட்டமான தட்டை ரொட்டி. பீட்சாவின் பாட்டி என்று சிரித்தோம். தக்காளியே அமெரிக்காவிலிருந்து பிற்காலத்தில் வந்தது, அது பீட்சா இல்லை, அது போகட்டும். அந்த ஓவியம் இருந்த அதே வீட்டில், அதே ஆண்டு டிசம்பரில், ஒரு ரொட்டிச்சூளையின் பகுதி வெளிவந்தது. தெருப்பக்கம் வாசல் இல்லை. உயரத்தில் இரும்புக்கம்பி போட்ட குட்டிச் சன்னல்கள். தரையில் கழுதைகள் சுற்றுவதற்கு அரைவட்டமாகக் குழி வெட்டியிருக்கிறது, ஒரு கழுதை மற்றதன்மேல் மோதாமல் கண்ணைக் கட்டிச் சுற்ற வைக்க. மனிதர்களும் கழுதைகளும் சேர்ந்து அடைபட்டிருந்த இடம் அது என்று தோண்டியவர்களே சொன்னார்கள். தட்டில் இருக்கிற ரொட்டி எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஊருக்கு வெளியே சிவிட்டா ஜூலியானா என்ற இடத்துப் பண்ணை வீட்டில் 2021-இல் கிடைத்த அறையையும் பாருங்கள். 16 சதுர மீட்டர். மூன்று கட்டில், அதில் ஒன்று 1.4 மீட்டர்தான், குழந்தைக்கு. மரச்சட்டத்தில் கயிறு கட்டிய படுக்கை. மூலையில் சால்கள், குதிரைச் சேணம் வைத்த பெட்டி, வண்டி மரம். மேலே ஒரே ஒரு சின்னச் சன்னல். சரக்கு அறையில் ஒரு குடும்பம் படுத்திருந்தது என்றுதான் பொருள். பக்கத்திலேயே வெண்கல அலங்காரத்தோடு விழாத் தேர்.

விடுதலை பெற்றுப் பணக்காரனானவன் கல்வெட்டில் பெயர் போடுகிறான், அதனால் நமக்கு அவனைத் தெரிகிறது. சூளையில் செத்தவனுக்குக் கல்வெட்டு இல்லை.

நள்ளிரவுத்தேநீர்:
அந்தச் சூளை விஷயம் எனக்குப் புதிது. தேடிப் படிக்கிறேன். ஆனாலும் விடுதலை பெற்றவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதை விட்டுவிடாதீர்கள். ஐசிஸ் என்ற எகிப்தியத் தெய்வத்தின் கோவிலை நிலநடுக்கத்துக்குப் பின் கட்டித் தந்தவர் பெயர் பொபிதியஸ் செல்சினஸ், வயது 6! அப்பா பழைய அடிமை என்பதால் ஊர்மன்றத்தில் உட்கார முடியாது. அதனால் பையன் பெயரில் கோவில் கட்டி, பையனை உறுப்பினராக்கிவிட்டார்.

மருதாணி:
அது சரியான உதாரணம். கோவில் கட்டும் பணம் இருந்தும் அப்பனுக்கு நாற்காலி கிடைக்கவில்லை, பாருங்கள்.

கூடைக்காரன்:
வெளுப்புக்கடை பற்றி யாரும் சொல்லவில்லையே? மூத்திரம் ஊற்றித் துணி மிதித்தார்கள் என்று படித்தேன்.

செங்கல்சூளை:
உண்மைதான். ஸ்டெபானஸ் கடை என்று அபுண்டான்சா தெருவில் ஒன்று இருக்கிறது, தொட்டிகள் அப்படியே தெரியும். புளித்த மூத்திரத்தில் இருக்கும் அமோனியா அழுக்கு எண்ணெயை அகற்றும். தொட்டியில் நின்று காலால் மிதிப்பார்கள், பிறகு அலசி, களிமண் தேய்த்து, உலர்த்தி, துணியைச் சீவுவார்கள். இன்னொரு வெளுப்புக்கடைத் தூணில் இந்த வேலையெல்லாம் ஓவியமாகவே இருக்கிறது, அதில் மிதிப்பவர்களில் சிறுவனும் உண்டு. ஆனால் தெருமுனைதோறும் பானை வைத்து வழிப்போக்கர்களிடம் சேகரித்தார்கள் என்ற கதைக்குப் பாம்பேயில் உறுதியான ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

வழிப்போக்கன்:
என் பெயரை இழுக்காதீர்கள் 😀

சுவர் எழுத்து பற்றித் துண்டு துண்டாக வருகிறது, யாராவது சேர்த்து எழுதினால் நன்றாயிருக்கும்.

தெற்குவீதி:
இதோ. ஊர் முழுக்கச் சுவரில் எழுதியதும் கீறியதும் சேர்த்துப் பதினோராயிரத்துக்கும் மேல். தேர்தல் எழுத்து காசு கொடுத்து எழுதுவது: சுவருக்கு வெள்ளையடித்து, சிவப்பிலோ கறுப்பிலோ பெரிய எழுத்தில். ஆண்டுதோறும் தேர்தல், அதனால் பழையதன்மேல் புதியது. பழ வியாபாரிகள் எல்லாரும் சேர்ந்து ஹொல்கோனியஸ் பிரிஸ்கஸை ஆதரிக்கிறார்கள். செரினியஸ் வாத்தியாவுக்கு ஆதரவு தருபவர்களோ 'இரவில் நேரங்கழித்துக் குடிப்பவர்கள் அனைவரும்', இன்னொரு சுவரில் 'சில்லறைத் திருடர்கள்'. எதிராளி வேலையா, நண்பர்கள் கிண்டலா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. ஒரு மல்லர் (கிளாடியேட்டர்) காட்சி விளம்பரத்தின் ஓரத்தில் எழுதியவன் தன் பெயரையும் போட்டிருக்கிறான்: எமிலியஸ் செலர், நிலா வெளிச்சத்தில், தனியாளாய் எழுதினானாம்.

எனக்குப் பிடித்தது பிரிமா கடைச் சுவர். ஒருவன் எழுதுகிறான்: நெசவாளி சக்செசஸ், விடுதிக்காரியின் அடிமைப்பெண் ஐரிஸை விரும்புகிறான், அவள் அவனைக் கண்டுகொள்வதே இல்லை, இவன் கெஞ்சுகிறான். கீழே சக்செசஸ் பதில் எழுதுகிறான்: பொறாமையில் வெடிக்கிறாய், உன்னைவிட அழகானவனிடம் வம்பு வைத்துக்கொள்ளாதே. அதற்குக் கீழே முதல் ஆள் செவெரஸ்: சொல்ல வேண்டியதைச் சொன்னேன், எழுத வேண்டியதை எழுதினேன், நீ ஐரிஸை விரும்புகிறாய், அவள் உன்னை விரும்பவில்லை. மட்டுறுத்துநர் இல்லாத இழை.

மருதாணி:
ஐரிஸ் என்ன நினைத்தாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அவள் அடிமை, பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை அவளுக்கு எவ்வளவு இருந்தது?

வெண்கலக்கோட்டை:
பாம்பேயில் மகாலட்சுமி சிலை கிடைத்ததை ஏன் யாரும் சொல்லவில்லை? தமிழர்கள் அந்த ஊரில் குடியேறியிருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பழையசோறு:
நிதானம், வெண்கலக்கோட்டை. 1938-இல் கிடைத்த தந்தச் சிற்பம் அது, 25 சென்டிமீட்டர் அளவு, இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில். லட்சுமி என்று முதலில் பெயர் வைத்தார்கள், இயக்கி (யட்சி) என்பவர்கள் இப்போது அதிகம். அறைகலன் ஒன்றின் கால் அல்லது தாங்கியாக இருந்திருக்கலாம். செய்த பாணியை மகாராட்டிரப் பக்கத்து போகர்தன் தந்த வேலையோடு ஒப்பிடுகிறார்கள். வணிகப் பொருள் போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சான்று, ஆள் குடியேறினார்கள் என்பதற்கு இல்லை.

நம் பக்கத்து இணைப்பு வேண்டுமென்றால் மிளகைப் பிடியுங்கள். 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூறு 149 சேரநாட்டுத் துறைமுகம் முசிறிக்கு வந்த யவனர் கப்பலைச் சொல்கிறது; கறி என்றால் மிளகு. அந்தக் கறி போய் இறங்கிய இடங்களில் புத்தேயோலி முக்கியமானது, பாம்பேயிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள். கருமிளகு ஒரு பவுண்டு 4 தெனாரியஸ் என்று விலை எழுதி வைத்தவர் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. அரைக்காசு கணக்கில் 64 ஆஸ். முசிறி பற்றியும் எழுதியிருக்கிறார், பக்கத்தில் கடற்கொள்ளையர் தொல்லை, இறங்க நல்ல இடமில்லை என்று அலுத்துக்கொள்கிறார். அதே பிளினிதான் மிசேனம் கடற்படைத் தளபதியாக இருந்து, வெசுவியஸ் வெடித்தபோது மீட்கக் கப்பலோடு போய், ஸ்டேபியே கரையில் செத்தார்.

வெண்கலக்கோட்டை:
மிளகு போதும் எனக்கு.

கூடைக்காரன்:
சாம்பலில் கல்லாகிப்போன உடல்கள் பற்றி ஒரு கேள்வி. தாயும் குழந்தையும் என்று ஒரு படம் வருமே?

செங்கல்சூளை:
உடல் கல்லாகவில்லை. இறுகிய சாம்பலுக்குள் சதை மட்கிப்போய் வெற்றிடம் மிஞ்சியது. 1863-இல் அகழாய்வாளர் பியொரெல்லி அந்த வெற்றிடத்தில் நீர்த்த ஜிப்சம் ஊற்றி உருவம் எடுத்தார், எலும்பு உள்ளேயே இருக்கிறது. அந்த எலும்பிலிருந்து மரபணு எடுத்து 2024 நவம்பரில் வெளியிட்டார்கள். நீங்கள் சொல்கிற 'தாய்', கையில் தங்கக் காப்பு போட்டது, ஒரு ஆண். மடியில் இருந்த குழந்தைக்கும் அவருக்கும் இரத்த உறவே இல்லை. காப்பு என்றால் பெண், குழந்தை என்றால் தாய் என்று ஐம்பது ஆண்டு கதை சொல்லியிருக்கிறோம்.

உப்புக்காற்று:
இது உங்கள் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது, ஒத்துக்கொள்கிறேன். என் பக்கத்துக்கு ஒன்று: 2024 மே மாதம் ஒரு வீட்டு உள்முற்றச் சுவரில் கரிக்கோட்டுப் படங்கள் வெளிவந்தன. மல்லர்கள், வேட்டைக்காரர்கள், சுவரில் வைத்துக் கோடு போட்ட சின்னக் கைகள். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் வரைந்தது என்றார்கள். ஆம்பிதியேட்டரில் இரத்தம் சிந்துவதை அந்த வயதில் பார்த்துவிட்டு வந்து வரைந்திருக்கின்றன. நிலநடுக்கமோ பழுதுபார்ப்போ இதை மாற்றிவிடாது.

செங்கல்சூளை:
மாற்றாது. அந்த ஆம்பிதியேட்டரில்தான் கி.பி. 59-இல் நுசேரியாக்காரர்களோடு அடிதடி நடந்து, ஆட்கள் செத்து, பத்து ஆண்டு காட்சிக்குத் தடை விழுந்தது. அந்தச் சண்டையையும் ஒருவர் வீட்டுச் சுவரில் ஓவியமாகத் தீட்டி வைத்தார். பிள்ளைகளை மட்டும் சொல்லி என்ன பயன்!

கூடைக்காரன்:
நான் அடுத்த வசந்தத்தில் நேப்பிள்ஸ் போகிறேன். ஒரு நாள்தான் கையில். பாம்பேயா, எர்குலேனியமா?

தெற்குவீதி:
வழிப்போக்கன் கேட்டது மாதிரி சாதாரண வீடு பார்க்க ஆசை என்றால் எர்குலேனியம். இருபது மீட்டர் வரை புதைந்த ஊர், மரமெல்லாம் கரியாகி நிற்கிறது: கட்டில், தொட்டில், தடுப்பு, மாடி உத்தரம். சின்ன இடம், அரை நாள் போதும். தெருக்களில் நடக்க, குழாயடியும் சக்கரத் தடமும் பார்க்க பாம்பேய்.

மருதாணி:
பாம்பேய் என்றால் சீட்டை முன்கூட்டியே எடுங்கள். 2024 நவம்பரிலிருந்து நாளுக்கு 20,000 பேர் என்று வரம்பு, சீட்டில் பெயர் போட வேண்டும். சர்க்கும்வெசுவியானா ரயிலில் இரண்டு ஊருக்கும் போகலாம்: எர்கொலானோ ஸ்காவி ஒரு நிறுத்தம், பாம்பேய் ஸ்காவி இன்னொன்று. அந்தச் சூளை வீடு ஒன்பதாம் வட்டாரம், பத்தாம் தொகுதி. வேலை நடந்தால் கம்பி போட்டிருப்பார்கள், வாசலில் கேட்டுக்கொண்டு போங்கள். ஓவியங்களில் பாதி நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அதற்கு மாலையை ஒதுக்குங்கள். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும்.